பறக்கும்போதே நேவிகேஷன் டேட்டாபேஸை மாத்த முடியுமா?

கேள்வி இதுதான்: ராத்திரி கிளம்பி மறுநாள் காலைல இறங்குற ஃபிளைட்ல, வழி காட்டுற கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற தகவல் தொகுப்பு, அதான் நேவிகேஷன் டேட்டாபேஸ், அதோட செல்லுபடி தேதி நடுவானத்துல முடிஞ்சு போச்சுன்னா பைலட் அங்கயே புதுசுக்கு மாத்திக்குவாரா, நம்ம போன்ல மேப் அப்டேட் ஆகுற மாதிரி?

மாத்த மாட்டாங்க. போயிங்ல மாத்தணும்னு நினைச்சாலும் கம்ப்யூட்டர் விடாது, விமானம் தரையில இருந்தாத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஏர்பஸ் ஏ320ல பட்டன் அப்படி அடம் பிடிக்காது, ஆனா பறக்கும்போது இதை எப்பவுமே செய்யக்கூடாதுன்னு மேனுவல்லயே கொட்டை எழுத்துல போட்டிருக்கும். நான் பைலட் இல்ல, விமானத்தோட மின்னணுக் கருவிங்களைப் பாத்துக்குற ஏவியானிக்ஸ் பக்கம் லைன் மெயின்டனன்ஸ்ல பல வருஷம் இந்த டேட்டாபேஸை ராத்திரி ராத்திரி ஏத்திட்டுக் கிடந்தவன், அதனால பெட்டி பக்கத்துல இருந்து சொல்றேன்.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம். எஃப்எம்சின்னு சொல்ற ஃபிளைட் மேனேஜ்மென்ட் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இல்ல, ரெண்டு டேட்டாபேஸ் இருக்கும். ஒண்ணு இப்ப ஓடுறது, இன்னொண்ணு சும்மா படுத்துக் கிடக்குறது. பைலட் காக்பிட்டுக்கு வந்து உக்காந்ததும் போயிங்ல ஐடென்ட்னு ஒரு பக்கத்தைத் திறப்பாரு, அதுல விமானத்தோட மாடல், இன்ஜின், அப்புறம் ரெண்டு தேதி வரிசை, மேல இருக்குறது ஆக்டிவ், கீழ இருக்குறது அடுத்தது. மாத்தணும்னா கீழ் தேதிக்குப் பக்கத்துல இருக்குற பட்டனை அமுக்கணும், அந்தத் தேதி அப்படியே ஸ்க்ரீனோட அடிவரிக்கு இறங்கி வரும், அப்புறம் ஆக்டிவ் வரிக்குப் பக்கத்துப் பட்டனை அமுக்குனா மேல போய் உக்காந்துக்கும், பழசு கீழ இறங்கிடும். ஏர்பஸ்ல இன்னும் சுலபம், ஏர்கிராஃப்ட் ஸ்டேட்டஸ் பக்கத்துல ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான் வேலை. புது டேட்டா ஏற்கனவே உள்ளதான் இருக்கு, பறக்கும்போது எங்க இருந்தும் டவுன்லோட் பண்ண வேண்டியதே இல்ல, அப்படி இருந்தும் மாத்தக் கூடாதுங்குறதுதான் இதுல விஷயம்.

இந்த டேட்டாபேஸ்ல ரன்வே, ஏர்வேங்குற வானப் பாதை, அஞ்செழுத்துப் பேர் வச்ச வேபாயின்ட்ங்குற வழிப் புள்ளி, விஓஆர் மாதிரி ரேடியோ நிலையங்களோட ஃப்ரீக்வென்சி, கிளம்புற வழி, இறங்குற வழி எல்லாம் இருக்கும். மலை எங்க இருக்குன்னு சொல்ற டெரெய்ன் டேட்டா இதுல இல்ல, அது தனிப் பெட்டி. விமானத்தோட பெர்ஃபார்மன்ஸ் கணக்கும் தனி. ஏரிங்க் 424னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அந்த முறைல ஒவ்வொரு தகவலும் 132 எழுத்து நீளத்துக்கு ஒரு வரி, கடைசி நாலு எழுத்து எந்த சுழற்சில அந்த வரி கடைசியா மாறுச்சுன்னு சொல்லும், உதாரணமா 2501ன்னா 2025ஓட மொத சுழற்சி. ஜெப்பசன், லிடோ, நேவ்புளூ மாதிரி கம்பெனிங்க ஒவ்வொரு நாடும் வெளியிடுறதை இந்த வடிவத்துக்குக் கொண்டு வருவாங்க, அப்புறம் எஃப்எம்சி செஞ்ச கம்பெனிக்காரன் பெட்டிக்குப் புரியுற மாதிரி அதைப் பேக் பண்ணிக் குடுப்பான்.

சுழற்சின்னு சொன்னேன்ல, அது ஏராக். 28 நாளுக்கு ஒரு தடவை, எப்பவும் வியாழக்கிழமை. உலகம் முழுக்க ஒரே நாள்ல மாறணும்னு ஐகாவோங்குற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வச்ச ஏற்பாடு, 1964ல இருந்து இருக்கு. வருஷத்துக்கு வழக்கமா 13 சுழற்சி வரும், 2020ல ஜனவரி 2ல ஆரம்பிச்சு டிசம்பர் 31ல ஒண்ணு விழுந்ததால 14. பொதுவா உலகப் பொது நேரமான யுடிசில 0000க்கு அமலுக்கு வரும், நம்ம ஊர்க் கணக்குல வியாழன் விடிகாலை 5:30. அமெரிக்காக்காரன் மட்டும் 0901 யுடிசின்னு வச்சிருக்கான். ஒரு நாடு தன் ஏர்வேயை மாத்துதுன்னா நாள் வர்றதுக்கு ஆறு வாரம் முன்னாடியே அச்சடிச்சு அனுப்பிடணும், அப்பத்தான் மத்தவங்க கைக்கு நாலு வாரம் முன்னாடியாச்சும் போய்ச் சேரும், பேக் பண்றவனுக்கும் நேரம் கிடைக்கும்.

இப்ப மெயின் மேட்டர். 36,000 அடில போய்க்கிட்டு இருக்கும்போது யாராவது அந்தப் பட்டனை அமுக்கிட்டா என்ன ஆகும்? விமானம் விழாது, அந்த பயமெல்லாம் வேணாம். ஆனா போட்டு வச்ச ஃபிளைட் பிளான் அத்தனையும் அழிஞ்சிடும். ஏர்பஸ்ல மாத்து வழிக்காக வச்சிருக்குற செகண்டரி பிளானும் சேந்து போயிடும். பந்தில சாம்பார் வரைக்கும் ஊத்தினதுக்கு அப்புறம் இலையை உருவிட்டுப் புது இலை போடுற மாதிரி, இலை என்னமோ புதுசுதான், சோறு எங்க?

ஏன் அழியுதுன்னா, பைலட் ரூட் அடிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை தீர்க்கரேகைய உக்காந்து தட்டிக்கிட்டு இருக்குறது இல்ல. இந்த ஏர்வேல இந்தப் புள்ளில ஏறு, அந்தப் புள்ளில இறங்கு, இந்த ரன்வேக்கு இந்த இறங்குற வழின்னு பேரா சொல்லுவாரு, பேருக்குப் பின்னாடி இருக்குறதைக் கம்ப்யூட்டர் டேட்டாபேஸ்ல இருந்து எடுத்துக் கோக்கும். அடியில இருக்குற டேட்டாபேஸ் மாறிடுச்சுன்னா அதே பேர் அதே இடத்தைத்தான் காட்டுதா, அந்தப் பேரே இன்னும் இருக்கான்னு உத்தரவாதம் இல்ல. பாதி பழசு பாதி புதுசுன்னு ஒரு ரூட்டை வச்சுக்கிட்டுப் பறக்குறதை விட மொத்தமா தொடச்சுடுறது பாதுகாப்புன்னு டிசைன் பண்ணவங்க முடிவு பண்ணியிருக்காங்க, என்னைக் கேட்டா சரியான முடிவுதான்.

தொடச்சதும் காக்பிட்ல என்ன தெரியும்? மேப்ல இருந்த ரூட் கோடு காணாமப் போயிடும். கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போன ஆட்டோபைலட் அதை விட்டுட்டு, மூக்கு எந்தத் திசைல இருந்துச்சோ அதையே பிடிச்சுக்கிட்டுப் போகும். உயரம் அப்படியே நிக்கும், விமானத்தோட அசைவை வச்சே இடத்தைக் கணக்குப் போடுற இனர்ஷியல் சிஸ்டத்துக்கு நாம எங்க இருக்கோம்னு இன்னும் நல்லாத் தெரியும், எங்க போகணும்ங்குறதுதான் தெரியாது. எரிபொருள் கணக்கு, போய்ச் சேர்ற நேரம், இறக்கத்தை எங்க ஆரம்பிக்கணும்ங்குறது எல்லாம் ரூட்டை நம்பித்தான் இருக்கு, அதெல்லாம் வெறும் கோடாத் தெரியும். ரெண்டு பேர்ல ஒருத்தர் பறக்க இன்னொருத்தர் முழு ரூட்டையும் திரும்ப அடிச்சு, அடிச்சதைப் பேப்பர் பிளானோட ஒவ்வொரு வரியா ஒத்துப் பாக்கணும். கடல் மேல, ரேடார் இல்லாத இடத்துல, பக்கத்துல இன்னொரு விமானம் வந்துக்கிட்டு இருக்குற நேரத்துல இந்த வேலை தேவையா? ஒரு ஏர்வே புள்ளி ரெண்டு மைல் நகந்திருக்குங்குறதுக்காகவா?

அப்ப தேதி நடுவுல முடியுற ஃபிளைட்டுக்கு என்னதான் வழி? புதன் ராத்திரி 1 மணி வாக்குல, கேலண்டர்படி வியாழன்தான், சென்னைல கிளம்பி ஐரோப்பா போற விமானம்னு வைங்க. கிளம்பும்போது யுடிசில இன்னும் புதன்கிழமை, பழைய டேட்டாபேஸ்தான் செல்லுபடி. 5:30க்கு விமானம் பாதி வழில இருக்கும், அங்க சுழற்சி மாறிடும். பிபிஎன்னு சொல்ற, துல்லிய அளவு வச்சு வழி பாத்துப் பறக்குற முறை பத்தின ஐகாவோ வழிகாட்டுதலும் இதை எதிர்பாத்துத்தான் எழுதியிருக்கு: ஃபிளைட் முடியுற வரைக்கும் டேட்டா செல்லுபடி ஆகணும், நடுவுல சுழற்சி மாறுதுன்னா டேட்டா சரியா இருக்கான்னு உறுதி பண்ண ஏர்லைன்கிட்ட ஒரு நடைமுறை இருக்கணும். பெரும்பாலும் அந்த நடைமுறை ரொம்ப சிம்பிள், கிளம்பும்போது எது செல்லுபடியோ அதோடயே போய் இறங்கு, ஆனா போற ரூட்லயும் இறங்குற ஏர்போர்ட்லயும் புது சுழற்சில என்ன மாறுதுன்னு முன்கூட்டியே பாத்து வச்சுக்கோ. ஃபிளைட் பிளான் போட்டுக் குடுக்குற டிஸ்பாட்ச்ல அதைத்தான் பாப்பாங்க. டேப்லட்ல இருக்குற சார்ட்டும் அதே சுழற்சில மாறும், அதனால சார்ட் புதுசு எஃப்எம்சி பழசுன்னு ஒரு நெலம வரலாம், அப்ப இறங்குற வழியைப் போடும்போது ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்தே ஆகணும்.

மாற்றம்னா என்ன மாதிரி மாற்றம்? பூமியோட காந்த வடக்கு நகந்துக்கிட்டே இருக்கு, அதனால ரன்வே நம்பரே மாறும். லண்டன் ஸ்டான்ஸ்டெட்ல 2009ல 05/23ன்னு இருந்த ரன்வே 04/22 ஆச்சு. தார் அதே தார், பெயின்ட்டும் பேரும்தான் புதுசு. அந்த மாதிரி நாள்ல பழைய டேட்டாபேஸோட போய் இறங்குற பைலட்டுக்கு டவர் சொல்ற ரன்வே தன் பெட்டில இருக்காது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சிரிச்சுக்கிட்டு இறங்கலாம், தெரியலைன்னா கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சு கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருப்பாங்க.

சரி, கிளம்பும்போதே பழசாயிடுச்சுன்னா? பறக்கவே முடியாதான்னா, முடியும். எம்இஎல்னு ஒண்ணு இருக்கு, எந்தக் குறையோட எத்தன நாள் பறக்கலாம்னு சொல்ற புத்தகம். டேட்டாபேஸ் தேதி முடிஞ்சிருந்தா, புது சார்ட்டை வச்சு ரூட்ல இருக்குற ஒவ்வொரு புள்ளியையும் சரிபாக்கணும், நம்பியிருக்குற ரேடியோ நிலையங்கள் இன்னும் ஓடுதான்னு உறுதி பண்ணணும், இறங்கும்போது ரேடியோவைக் கையால ட்யூன் பண்ணி அடையாள ஒலியைக் காதால கேக்கணும், இந்த நிபந்தனையோட விடுவாங்க. அளவில்லாம இல்ல, நாள் கணக்கு உண்டு. பழைய டேட்டாவே விஷம் இல்லன்னு இதுல இருந்து தெரியுதுல்ல, அது பழசுன்னு தெரிஞ்சு வச்சிருந்தா போதும், சமாளிக்கலாம்.

எங்க வேலையோட லட்சணத்தையும் சொல்லிடுறேன். புதுசு எப்பவும் சில நாள் முன்னாடியே ரெண்டாவது இடத்துல ஏத்தி வச்சிடுவோம், வியாழக்கிழமை மொத ஃபிளைட்டுக்கு முன்னாடி மாத்துனாப் போதும். பழைய நாள்ல ஃப்ளாப்பி. ஆமா, நெசமாவே அந்த மூணரை இஞ்ச் ஃப்ளாப்பி. 2020ல செக்யூரிட்டி ஆராய்ச்சிக்காரங்க சிலர் ரிட்டையர் ஆன ஒரு 747-400 காக்பிட்டைச் சுத்திக் காட்டி, அதுல இருந்த ஃப்ளாப்பி டிரைவ்லதான் மாசா மாசம் நேவிகேஷன் டேட்டா ஏத்துவாங்கன்னு சொன்னப்ப ஊரே ஆச்சரியப்பட்டுச்சு, எங்களுக்கு ஒண்ணும் ஆச்சரியமில்ல. வரிசையா டிஸ்க்கைப் போட்டுக்கிட்டே வருவோம், கடைசிக்கு முந்தினதுல ரீட் எரர்னு வரும், மறுபடி ஒண்ணுல இருந்து. ராத்திரி மூணு மணிக்கு அந்த ரெண்டு வார்த்தையைப் பாத்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

ஒரு தடவை ஏ320ல, புதன் ராத்திரி நல்ல மழை, முன்னாடி ஏத்த வேண்டியது தள்ளித் தள்ளிப் போய் கடைசி ராத்திரில நிக்குது. ஒரு பக்கத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிச்சு ரெண்டாவது பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு, வெளிய நிக்குற ஜெனரேட்டர் வண்டி பொசுக்குன்னு அணைஞ்சிடுச்சு. கூட இருந்த பையன் "அண்ணே, பவர் போச்சுண்ணே"ங்குறான், காக்பிட் முழுக்க இருட்டு. பவர் வந்ததும் மறுபடி ஏத்தினோம், முடிஞ்சதுன்னு வந்துச்சு, மெசேஜை நம்பிட்டு அடுத்த விமானம் நிக்குற இடத்துக்கு ஓடிட்டேன், பக்கத்தைத் திறந்து ரெண்டு தேதியையும் கண்ணால பாக்கல. காலைல கேப்டன் பட்டனை அமுக்குறாரு, இன்டிபெண்டன்ட் ஆபரேஷன்னு வந்து நிக்குது. அதுக்கு அர்த்தம், ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குதுங்க, ஏன்னா ரெண்டுலயும் டேட்டாபேஸ் வேற வேற. "என்ன சார் இது, ரெண்டு பேரும் டைவர்ஸ் வாங்கிட்டாங்களா"ன்னு கேட்டாரு கேப்டன், எனக்குச் சிரிப்பு வரல. பயணிங்களை ஏத்தாம நிறுத்தி வச்சு மறுபடி லோட் பண்ணி, டெக் லாக்குங்குற விமானத்தோட பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புறதுக்குள்ள ஒரு மணி நேரம் போச்சு. இது தரையில. இதே வேலையை மேல ஒருத்தர் செஞ்சு இதே மெசேஜ் வந்தா யாரைக் கூப்பிடுவாரு?

மேல போய்ச் சரிபண்ணப் பாத்தா என்ன ஆகும்ங்குறதுக்கு ஒரு நெசமான உதாரணம் இருக்கு, டேட்டாபேஸ் இல்லன்னாலும் ஒண்ணுவிட்ட சொந்தம். 2015 மார்ச் 10, சிட்னில இருந்து கோலாலம்பூர் போக வேண்டிய ஏர்ஏசியா எக்ஸ் ஏ330. கேட்ல நிக்கும்போது விமானம் இருக்குற இடத்தோட தீர்க்கரேகைய அடிக்கணும், 151 டிகிரி 9.8 நிமிஷம் கிழக்கு. அடிச்சது 15 டிகிரி 19.8 நிமிஷம். பெட்டியைப் பொறுத்தவரைக்கும் விமானம் 11,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஆப்பிரிக்கா பக்கம் நிக்குது. எச்சரிக்கை வந்துச்சு, கவனிக்கல, கிளம்பிட்டாங்க. மேல போனதும் தப்பு தெரிஞ்சு, பறந்துக்கிட்டே சிஸ்டத்தைச் சரிபண்ண முயற்சி பண்ணாங்க, அதுல நேவிகேஷன் மட்டுமில்லாம ஃபிளைட் கைடன்ஸ், ஃபிளைட் கன்ட்ரோல் வரைக்கும் இன்னும் மோசமாச்சுன்னு ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை சொல்லுது. சிட்னில மேகம் தாழ்வா இருந்ததால திரும்ப இறங்க முடியல, கடைசில மெல்போர்ன்ல போய் இறங்குனாங்க. தரையில அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய திருத்தம்.

ஆனா எனக்கு இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஞாபகம் வர்றது அன்டார்டிகா. ஏர் நியூசிலாந்து 901, டிசி-10, 1979 நவம்பர் 28. ஆக்லாந்துல கிளம்பி அன்டார்டிகாவைச் சுத்திக் காட்டிட்டுத் திரும்ப வர்ற டூர் ஃபிளைட். அப்பல்லாம் இப்ப மாதிரி எஃப்எம்சி டேட்டாபேஸ் கிடையாது, கம்பெனியோட தரைக் கம்ப்யூட்டர்ல ரூட் இருக்கும், கிளம்பும்போது பிரின்ட் எடுத்துக் குடுப்பாங்க, அதைப் பாத்துக் காக்பிட்ல அடிக்கணும். ரூட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனப்ப 166 டிகிரி 48 நிமிஷம்னு அடிக்க வேண்டியதை 164 டிகிரி 48னு அடிச்சிட்டாங்க. அந்தத் தப்பு ஒரு விதத்துல நல்லதா இருந்துச்சு, ஏன்னா ரூட் மலையை விட்டு மேற்கே தள்ளி, மக்மர்டோ சவுண்ட்ங்குற சமதளமான பனிக்கடல் மேல போச்சு. நவம்பர் 9ல பைலட்டுகளுக்கு நடந்த பிரீஃபிங்ல காட்டுனதும் அந்த ரூட்தான். கேப்டன் ஜிம் காலின்ஸ் ஃபிளைட்டுக்கு முந்தின ராத்திரி வீட்ல உக்காந்து சொந்த மேப்ல, அட்லஸ்ல அந்தக் கோட்டைப் போட்டுப் பாத்திருக்காரு.

அதே ராத்திரி விடியுறதுக்குள்ள ஆபீஸ்ல யாரோ அந்த நம்பரைத் திருத்திட்டாங்க. ரெண்டு மைல் நகத்துற சின்னத் திருத்தம்னு நினைச்சு செஞ்சது, நெசத்துல கடைசிப் புள்ளி 27 நாட்டிக்கல் மைல் நகந்துடுச்சு, கோடு இப்ப நேரா எரிபஸ் எரிமலை மேல. 3,794 மீட்டர் மலை. பைலட்டுகள்கிட்ட யாரும் சொல்லல. காலைல குடுத்த பேப்பர்ல இருந்ததை அடிச்சாங்க, சரியாத்தான் அடிச்சாங்க. பனியும் மேகமும் ஒரே வெள்ளையா இருக்குறப்ப முன்னாடி ஏறி வர்ற சரிவு கண்ணுக்குத் தெரியாது, சவுண்ட் மேலதான் போறோம்னு நினைச்சுக்கிட்டுத் தாழ இறங்கிப் போனாங்க. 257 பேர்ல ஒருத்தர் கூட மிஞ்சல. மொத விசாரணை பைலட் தப்புன்னு சொல்லுச்சு. 1981ல நீதிபதி பீட்டர் மஹோன் விசாரணைல, பைலட்டுகளுக்குச் சொல்லாம நம்பரை மாத்துனதுதான் அடிப்படைக் காரணம்னு வந்துச்சு.

அதுல கவனிக்க வேண்டியது, புது நம்பர்தான் சரியான நம்பர். பழசு தப்பு. சரியான டேட்டா, பைலட்டோட மனசுல இருந்த படத்துக்கு மாறா பெட்டிக்குள்ள போச்சு. அதனால ஏராக் தேதி முடிஞ்சிடுச்சுன்னு கேட்டதும் "அய்யய்யோ பழைய டேட்டாவோட பறக்குறாங்களா"ன்னு பதறுறவங்களைப் பாத்தா, இதைச் சொல்லணும்னு தோணும். கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பைலட்டும் ரூட்டை ஒவ்வொரு புள்ளியா, தூரமும் கோணமும் படிச்சு ஒத்துப் பாத்திருக்காங்க. பறக்கும்போது புதுசுக்கு மாத்துனா அந்த ஒத்துப் பாத்ததும் சேந்து அழியுது, ரூட் மட்டும் இல்ல.

டேட்டா அப்டேட்டா இருந்தாலே எல்லாம் சரியாகிடும்னும் இல்ல. 1995 டிசம்பர் 20, கொலம்பியால காலி ஊருக்கு இறங்கப் போன அமெரிக்கன் 965, போயிங் 757. சார்ட்ல ரோஸோங்குற ரேடியோ பீக்கனுக்கு ஆர்னு ஒத்தை எழுத்து, எஃப்எம்சில ஆர்னு தட்டுனா வந்தது பொகோட்டா பக்கம் இருக்குற ரோமியோ, ரோஸோ வேணும்னா முழுப் பேரையும் அடிக்கணும். விமானம் கிழக்கே திரும்பி மலைக்குள்ள போச்சு, 159 பேர் போயிட்டாங்க, நாலு பேர் பிழைச்சாங்க. இறங்குற நேரத்துல அவசரத்துல தட்டுனது.

பறக்கும்போது எதையுமே மாத்த முடியாதான்னு யாராச்சும் கேக்கலாம். மாத்துறாங்க, தினமும். ரூட்டை மாத்தலாம், டேட்டாபேஸ்ல இல்லாத புள்ளியை அட்சரேகை தீர்க்கரேகை அடிச்சு உண்டாக்கலாம், அட்லாண்டிக் தாண்டுறவங்க அப்படிப் புள்ளிங்க மேலதான் பறக்குறாங்க. காத்து விவரமும் புது ரூட்டும் தரையில இருந்து டேட்டாலிங்க்ல வரும், பைலட் பாத்து ஏத்துக்குவாரு. அதெல்லாம் டேட்டாபேஸ் மேல எழுதுறது, டேட்டாபேஸையே எடுத்து மாத்துறது இல்ல. இப்ப வர்ற விமானங்கள் பலதுல ஃப்ளாப்பியும் இல்ல யுஎஸ்பியும் இல்ல, கேட்ல நிக்கும்போது வயர்லெஸ்லயே லோட் ஆயிடுது. ஏத்துற வழிதான் மாறியிருக்கு, மாத்துறது இன்னமும் தரையில நிக்கும்போதுதான்.

அப்புறம் அந்த ஐரோப்பா ஃபிளைட். அங்க போய் இறங்கி பயணிங்க எல்லாம் இறங்குனதும், திரும்பி வர்ற செட் பைலட்டுங்க ஏறி உக்காருவாங்க. போயிங்னா பழைய டேட்டா தேதி முடிஞ்சிடுச்சுன்னு ஒரு மெசேஜ், ஏர்பஸ்னா டேட்டாபேஸ் சுழற்சியைப் பாருன்னு ஒரு மெசேஜ் அங்க காத்துக்கிட்டு இருக்கும். காபியை ஓரமா வச்சுட்டு ரெண்டு பட்டன், தேதி மேல ஏறும், அதுக்கப்புறம்தான் ரூட்டை அடிக்கவே ஆரம்பிப்பாங்க. வரிசையை மாத்தி ரூட்டை மொதல்ல அடிச்சுட்டு அப்புறம் தேதியை மாத்துன ஒரு கோ-பைலட்டை நான் பாத்திருக்கேன், ஸ்க்ரீன்ல எல்லாம் காலியானதும் திரும்பி கேப்டனைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை, கேப்டன் ஒண்ணும் சொல்லல, பேப்பர் பிளானை எடுத்து மொத வரில இருந்து படிக்க ஆரம்பிச்சாரு.